குவிமாடமா, கண்ணாடிக் கோளமா? தன்னிபூர் வரைபடம் எழுப்பும் கேள்விகள்

புதுதில்லி: லக்னௌவிலிருந்து அயோத்திக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, ராமர் கோயிலிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தொலைவில் அமைந்திருக்கிறது தன்னிபூர் கிராமம். அங்குள்ள ஐந்து ஏக்கர் நிலத்துக்காகத் தில்லியில் ஒரு வரைபடம் தயாரானது. சில ஆண்டுகளுக்குப் பின் மும்பையில் வேறொரு வரைபடம் வெளியிடப்பட்டது. முதலாவது, கண்ணாடிக் கோளம் போன்ற நவீனக் கட்டடம். இரண்டாவது, குவிமாடமும் ஐந்து மினார்களும் கொண்ட மரபுவழிக் கட்டடம்.

பள்ளிவாசல், மருத்துவமனை, சமுதாய உணவுக்கூடம், ஆய்வு நூலகம் ஆகிய நான்கும் ஒரே வளாகத்தில் அமைய வேண்டும் என்பதே திட்டம். சுதந்திர இந்தியாவில் ஓர் இஸ்லாமியச் சமய, சமுதாய மையத்தின் தோற்றம் குறித்து இந்த அளவுக்கு விவாதம் நடந்தது அரிது. ஒரு பள்ளிவாசலுக்கு எது இன்றியமையாதது, எது வெறும் பழக்கம் என்ற பழைய கேள்வியை அந்த விவாதம் மீண்டும் எழுப்பியிருக்கிறது. ஆனால் கூரையின் வடிவத்தைப் பற்றிய பேச்சு வளர வளர, அந்தக் கூரைக்கு அருகே எழ வேண்டிய மருத்துவமனையைப் பற்றிய பேச்சு குறைந்து போனது.

தீர்ப்பு தந்த நிலம்

அயோத்தி நில உரிமை வழக்கில் 2019 நவம்பர் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சர்ச்சைக்குரிய 2.77 ஏக்கர் நிலத்தில் ராமர் கோயில் கட்ட வழிவகுத்த அத்தீர்ப்பு, 1992 டிசம்பர் 6-இல் மசூதி இடிக்கப்பட்டது சட்டத்தின் ஆட்சிக்கு எதிரான கடும் மீறல் என்றும் குறிப்பிட்டது. முஸ்லிம்களுக்கு இழைக்கப்பட்ட தவறு ஈடுசெய்யப்பட வேண்டும் என்று கூறி, சன்னி மத்திய வக்ஃபு வாரியத்துக்கு அயோத்தியில் ஐந்து ஏக்கர் நிலம் வழங்க உத்தரவிட்டது.

உத்தரப் பிரதேச அமைச்சரவை 2020 பிப்ரவரி 5-இல் தன்னிபூர் நிலத்தை ஒதுக்கியது. அம்மாதமே வக்ஃபு வாரியம் அதை ஏற்றுக்கொண்டது. கட்டுமானப் பணிக்காக "இந்தோ-இஸ்லாமியப் பண்பாட்டு அறக்கட்டளை" என்ற அமைப்பை வாரியம் 2020 ஜூலையில் அறிவித்தது. வாரியத் தலைவர் சுஃபர் ஃபரூக்கி அதன் தலைமை அறங்காவலரானார். செயலர் பொறுப்பை அதர் ஹுசேன் ஏற்றார்.

இந்த நிலத்தை ஏற்பதில் சமுதாயத்துக்குள் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. பள்ளிவாசலையோ அதன் நிலத்தையோ மாற்றிக்கொள்வது வக்ஃபு சட்டத்துக்கும் ஷரியத்துக்கும் முரணானது என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியத்தைச் சேர்ந்த மறைந்த வழக்குரைஞர் ஜஃபர்யாப் ஜிலானி 2020-இல் வெளிப்படையாகக் கூறினார். அந்த எதிர்ப்பையும் மனத்தில் கொண்டே அறக்கட்டளை செயல்பட வேண்டியிருந்தது. இழந்த ஒன்றின் நகலைக் கட்டுவதா, முற்றிலும் புதிதாக ஒன்றைக் கட்டுவதா என்ற முடிவு இதனால் கட்டடக்கலையைத் தாண்டிய முடிவாகவும் ஆயிற்று.

ஜாமியாவில் பிறந்த வரைபடம்

வரைபடப் பொறுப்பு தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பேராசிரியர் எஸ்.எம். அக்தரிடம் 2020 செப்டம்பரில் ஒப்படைக்கப்பட்டது. பழையதைத் திரும்பச் செய்வதைவிடக் காலத்துக்கேற்பப் புதிதாகப் படைப்பதே கட்டடக்கலை என்ற நிலைப்பாட்டை அவர் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார். 2020 டிசம்பர் 19-ஆம் தேதி அவருடைய வரைபடம் வெளியிடப்பட்டது.

முட்டை வடிவில் ஒரு தொழுகைக் கூடம். அதன் மேல் ஒளி ஊடுருவும் கண்ணாடிக் கோளம். மொகலாயர் காலக் கட்டடங்களை நினைவூட்டும் குவிமாடம் அதில் இல்லை. ஒரே நேரத்தில் 2,000 பேர் தொழலாம். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. மின்சாரத் தேவையைச் சூரிய ஒளியே நிறைவு செய்யும். இவ்வாறு அறிவிக்கப்பட்டது.

ஆனால் அந்த வரைபடத்தின் உண்மையான புதுமை அதன் கூரையில் இல்லை. அதன் அளவுகளில் இருந்தது. பள்ளிவாசலுக்கு 3,500 சதுர மீட்டர். மருத்துவமனை உள்ளிட்ட கட்டடத் தொகுதிக்கு 24,150 சதுர மீட்டர். அதாவது, தொழுகைக்கு ஒதுக்கப்பட்டதைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு பரப்பு சேவைக்கு ஒதுக்கப்பட்டது.

300 படுக்கைகள் வரை கொண்ட பல்துறை மருத்துவமனை. ஏழைகளுக்கு நாள்தோறும் இரு வேளை உணவளிக்கும் சமுதாய உணவுக்கூடம். அருங்காட்சியகமும் நூலகமும் அடங்கிய ஆய்வு மையம் ஆகியவை அதில் இடம்பெற்றன. சுற்று வட்டார கிராமங்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஊட்டச்சத்துக் குறைவால் பாதிக்கப்படுவதைக் கருத்தில் கொண்டே மருத்துவமனையும் உணவுக்கூடமும் இணைத்துத் திட்டமிடப்பட்டதாக அறக்கட்டளை விளக்கியது. ஆய்வு மையத்துக்கான ஆலோசகராக ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக முன்னாள் பேராசிரியரும் உணவு வரலாற்று எழுத்தாளருமான புஷ்பேஷ் பந்த் நியமிக்கப்பட்டார்.

திட்டத்துக்கு வந்த முதல் நன்கொடை 21 ஆயிரம் ரூபாய். அதை வழங்கியவர் லக்னௌவைச் சேர்ந்த ஓர் இந்து என்பது குறிப்பிடத்தக்கது. 2021 குடியரசு தினத்தன்று தேசியக் கொடியேற்றி, மரக்கன்றுகள் நட்டு, பணி முறைப்படி தொடங்கப்பட்டது.

ஆர்க்காட்டிலிருந்து அவத் வரை

பாபர் பெயரையோ வேறு எந்த மன்னரின் பெயரையோ பள்ளிவாசலுக்குச் சூட்டுவதில்லை என்று அறக்கட்டளை முதலிலேயே முடிவு செய்தது. வளாகத்தின் ஆய்வு மையத்துக்கு அது தேர்ந்தெடுத்த பெயர் மௌல்வி அகமதுல்லா ஷா.

1857 கிளர்ச்சியின்போது ஃபைஸாபாதிலும் லக்னௌவிலும் ஆங்கிலேயருக்கு எதிராகப் படை நடத்தியவர் அவர். அவரைப் பிடித்துத் தருவோருக்கு 50 ஆயிரம் ரூபாய் பரிசு என்று ஆங்கிலேய அரசு அறிவித்தது. 1858 ஜூன் 5-ஆம் தேதி ஷாஜகான்பூர் பகுதியில் உள்ள பவாயனில் அவர் கொல்லப்பட்டார். இவர் சென்னை மாகாணத்தின் ஆர்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு அக்கால ஆங்கிலேயர் பதிவுகளில் காணப்படுவது தமிழ் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

இந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்ற ஒரு போராட்டத்தின் தலைவர் பெயரை அயோத்தி வட்டாரத்தில் எழும் ஒரு வளாகத்துக்குச் சூட்டியதன் உள்நோக்கம் எளிதில் விளங்கக்கூடியது.

மாறிய வரைபடம்

கண்ணாடிக் கோளம் எல்லோருக்கும் பிடித்திருக்கவில்லை. பள்ளிவாசல் போலவே இல்லை என்பதே பெரும்பாலோர் கூறிய குறை. நன்கொடையும் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. நான்கு ஆண்டுகளில் திரண்ட தொகை சுமார் ஒரு கோடி ரூபாய்தான் என்று 2024-இல் வெளியான செய்திகள் தெரிவித்தன.

2023 அக்டோபரில் மும்பையில் நடைபெற்ற ஒரு கூட்டத்தில் புதிய வரைபடம் வெளியிடப்பட்டது. அதில் குவிமாடம் திரும்பி வந்தது. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைக் குறிக்கும் வகையில் ஐந்து மினார்கள் இடம்பெற்றன. நபிகள் நாயகத்தின் பெயரையும் அவர் தந்தையார் பெயரையும் சேர்த்து "முஹம்மது பின் அப்துல்லா பள்ளிவாசல்" என்று பெயர் சூட்டப்பட்டது. தொழுவோர் எண்ணிக்கை முன்னைய 2,000-ஐவிடப் பல மடங்கு உயர்த்தப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய பள்ளிவாசல், உலகின் மிகப் பெரிய குர்ஆன் பிரதி என்றெல்லாம் பேசப்பட்டது.

இந்த மாற்றத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. கிராமத்திலிருந்து வரும் ஒரு முதியவர் தொலைவிலிருந்தே தன் பள்ளிவாசலை அடையாளம் காண்பது மினாராலும் குவிமாடத்தாலும்தான். ஒரு கட்டடத்தை இழந்த சமுதாயம், அதற்கு ஈடாக வரும் கட்டடத்தில் தனக்குப் பழக்கமான முகத்தைத் தேடுவது இயல்பே. பணம் தரப்போகிறவர்களின் மனத்துக்கு உகந்ததாகக் கட்டடம் இருக்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவையும் உண்டு.

அதே நேரத்தில் ஒன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இடிக்கப்பட்ட பாபர் மசூதிக்கு மூன்று குவிமாடங்கள் இருந்தன, மினார்கள் இருக்கவில்லை.

வடிவம் குறித்து மார்க்கம் சொல்வது என்ன?

பள்ளிவாசலுக்கு இன்றியமையாதவை மிகச் சிலவே. தூய்மையான இடம், மெக்கா இருக்கும் கிப்லா திசை, தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்பதற்கான தளம், ஒளூ செய்வதற்கான நீர் ஆகியவை போதும். கிப்லா திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடமும், சொற்பொழிவு நிகழ்த்தும் மிம்பர் மேடையும் வழக்கத்தில் நிலைபெற்றவை. குவிமாடமும் மினாரும் பிற்காலத்தில் சேர்ந்தவை. மதீனாவில் நபிகள் நாயகம் எழுப்பிய பள்ளிவாசல் களிமண் சுவரும், பேரீச்ச மரத் தூண்களும், ஓலைக் கூரையும் கொண்டிருந்தது.

இந்தியாவிலேயே இதற்குச் சான்றுகள் ஏராளம். கோழிக்கோட்டில் 14-ஆம் நூற்றாண்டில் அரபு வணிகர் ஒருவர் கட்டிய மிஷ்கால் பள்ளிவாசலில் குவிமாடமும் இல்லை, மினாரும் இல்லை. அடுக்கடுக்கான ஓட்டுக் கூரையும் மரவேலைப்பாடும் கொண்ட அது, முதல் பார்வைக்குக் கேரளக் கோயிலையே நினைவூட்டும். ஸ்ரீநகரின் ஜாமியா பள்ளிவாசல் 350-க்கும் மேற்பட்ட தேவதாரு மரத் தூண்கள் மீது நிற்கிறது. குவிமாடத்துக்குப் பதில் கூம்பு வடிவ மரக் கோபுரங்களே அதன் அடையாளம். பனி வழிந்து விழுவதற்கு ஏற்ற வடிவம் அது. 1367-இல் கட்டப்பட்ட குல்பர்கா ஜாமியா பள்ளிவாசலுக்குத் திறந்த முற்றமே கிடையாது. தொழுமிடம் முழுவதும் கூரையால் மூடப்பட்டுள்ளது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்களின் கல்தூண் மண்டபங்கள் தமிழ்நாட்டுச் சிற்பியரின் கைவண்ணம்.

மழை, வெயில், கிடைக்கும் பொருள், உள்ளூர்க் கைவினைஞரின் திறமை ஆகிய நான்குமே இந்தியப் பள்ளிவாசல்களின் வடிவத்தை முடிவு செய்தன. அந்த வகையில் பார்த்தால் மொகலாயக் குவிமாடம் மரபின் ஒரு பகுதியே தவிர, மரபு முழுவதும் அதுவன்று.

அங்காராவின் அனுபவம்

நவீன வரைபடம் கைவிடப்பட்டு மரபுவழி வரைபடம் வருவது தன்னிபூருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. துருக்கித் தலைநகர் அங்காராவில் கோஜாதெபே பள்ளிவாசலுக்காக 1957-இல் நடைபெற்ற போட்டியில் வேதாத் தலோகாய் என்ற கட்டடக் கலைஞரின் நவீன வரைபடம் வெற்றி பெற்றது. அடித்தளமும் போடப்பட்டது. பின்னர் எதிர்ப்பு வலுத்து, அந்த வரைபடம் கைவிடப்பட்டது. போட்ட அடித்தளமும் தகர்க்கப்பட்டது. ஒட்டோமான் காலப் பாணியில் நான்கு மினார்களும் பெருங்குவிமாடமும் கொண்ட வேறொரு கட்டடம் எழுந்து 1987-இல் நிறைவுற்றது.

அதே தலோகாய் 1969-இல் இஸ்லாமாபாதுக்கான பன்னாட்டுப் போட்டியில் வென்றார். பாலைவன நாடோடிகளின் கூடாரத்தை நினைவூட்டும் குவிமாடமற்ற ஃபைசல் பள்ளிவாசல் அவருடைய படைப்பு. 1986-இல் நிறைவுற்ற அக்கட்டடமும் தொடக்கத்தில் கண்டனத்துக்கு உள்ளானது. இன்று அந்நகரின் அடையாளமே அதுதான். வங்கதேசத் தலைநகர் டாக்காவில் மெரீனா தபஸ்ஸும் என்ற பெண் கட்டடக் கலைஞர் வெறும் செங்கல்லால் 2012-இல் கட்டி முடித்த பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலிலும் குவிமாடமோ மினாரோ இல்லை. 2016-இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

புதிய வடிவத்துக்குக் கண்கள் பழகக் காலம் பிடிக்கும். பழகிய பிறகு, அதுவே மரபாகவும் ஆகிவிடும்.

மருத்துவமனை ஒட்டுறுப்பு அல்ல

பள்ளிவாசலோடு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. வரலாறு அதற்கும் விடை தருகிறது. 1550-களில் சினான் என்ற பெருங்கலைஞர் இஸ்தான்புல்லில் கட்டிய சுலைமானியா, தனிப் பள்ளிவாசல் அல்ல. மருத்துவமனை, மருத்துவக் கல்விக்கூடம், பொது உணவுக்கூடம், பயணியர் விடுதி, கல்லூரிகள் அனைத்தும் அதைச் சூழ்ந்து நின்றன. தில்லியில் ஃபிரோஸ் ஷா துக்ளக் இலவச மருத்துவமனை நடத்தினார். ஹௌஸ் காஸ் ஏரிக்கரையில் அவர் 1352-இல் எழுப்பிய மதரஸாவின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. நிஜாமுதீன் தர்காவின் பொது உணவு வழங்கும் மரபு பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. நம் ஊர்களில் ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போவதும் இந்த மரபின் தொடர்ச்சியே.

ஆகவே, அக்தரின் வரைபடம் தோற்றத்தில் புதுமையானதாயினும் உள்ளடக்கத்தில் மிகப் பழமையான மரபைச் சார்ந்தது என்று சொல்லலாம். சேவைக்கு ஏழு மடங்கு இடம் என்பதும் அந்த மரபின் கணக்குதான்.

தடையாக நின்ற சாலை

வடிவம் குறித்த விவாதம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, திட்டத்தைத் தடுத்து நிறுத்தியது வடிவமல்ல, சாலை.

ஐந்து ஏக்கர் என்பது 20 ஆயிரம் சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். அதில் 24 ஆயிரம் சதுர மீட்டர் பரப்புள்ள தொகுதியைக் கட்ட வேண்டுமானால் பல மாடிகள் எழுப்பியாக வேண்டும். எழுந்து நடக்க இயலாத நோயாளிகள் தங்கும் மாடிக் கட்டடத்தைத் தீயணைப்பு வாகனம் தடையின்றி அடைய வேண்டும். இதற்கு 12 மீட்டர் அகலச் சாலை தேவை. ஆனால் அணுகு சாலை ஆறு மீட்டருக்கு மேல் இல்லை. முக்கிய வழியில் நான்கு மீட்டராகவும் குறுகியது. தீயணைப்புத் துறை ஆட்சேபம் தெரிவித்தது. விளைநிலமாகப் பதிவாகியிருந்த இடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கும் காலம் பிடித்தது.

2021 ஜூன் 23-இல் அறக்கட்டளை அயோத்தி வளர்ச்சி ஆணையத்திடம் வரைபடத்தைச் சமர்ப்பித்தது. விண்ணப்பம், ஆய்வுக் கட்டணமாக நான்கு லட்சம் ரூபாய்க்கும் மேல் செலுத்தியது. 2023 மார்ச்சில் ஆணையக் கூட்டத்தில் ஒப்புதல் அளிக்கப்பட்டதாகச் செய்தி வெளியானது. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு ஆணையம் 2025 செப்டம்பரில் அளித்த பதில் வேறாக இருந்தது. பொதுப்பணி, மாசுக் கட்டுப்பாடு, விமானப் போக்குவரத்து, நீர்ப்பாசனம், வருவாய், தீயணைப்பு உள்ளிட்ட துறைகளிடமிருந்து தடையின்மைச் சான்று கிடைக்காததால் வரைபடம் நிராகரிக்கப்பட்டதாக அது தெரிவித்தது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அரசே ஒதுக்கிய நிலத்துக்கு அரசுத் துறைகளே சான்று வழங்காதது ஏன் என்று அறக்கட்டளைச் செயலர் வியப்புத் தெரிவித்தார். தீயணைப்புத் துறையின் ஆட்சேபம் தவிர வேறெதுவும் தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றும் அவர் கூறினார்.

அறக்கட்டளையின் பக்கமும் தாமதம் இருந்தது. வரைபடம் மாறியது, பணம் திரட்டும் பொறுப்பு கை மாறியது. வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான அனுமதியை விரைவுபடுத்தும் பொருட்டு 2024 செப்டம்பரில் நான்கு துணைக் குழுக்கள் கலைக்கப்பட்டன. மரபுவழி வடிவில் திருத்திய வரைபடத்தைச் சமர்ப்பிக்கப் போவதாக 2025 இறுதியில் அறக்கட்டளை அறிவித்தது.

இதே காலத்தில் அயோத்தியில் ராமர் கோயிலுக்கு 2020 ஆகஸ்ட் 5-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஜனவரி 22-இல் குடமுழுக்கும் நடந்து முடிந்தது. ஒரே தீர்ப்பின் இரு பகுதிகளில் ஒன்று நிறைவேறியது. வரைபடம் நிராகரிக்கப்பட்ட செய்தி 2025-இல் வெளியானபோது மற்றொன்றில் கட்டுமானம் தொடங்கியிருக்கவில்லை. நீதிமன்றம் ஈடாக வழங்கியது நிலத்தை மட்டுமல்ல, ஒரு வாக்குறுதியையும் என்பதால் இந்த இடைவெளி வெறும் நிர்வாகத் தாமதமாக மட்டும் பார்க்கப்படமாட்டாது.

எது நிற்க வேண்டும்?

கோளமா, குவிமாடமா என்பதை அங்கு தொழப்போகும் மக்களே முடிவு செய்து கொள்ளட்டும். மார்க்கம் அதில் கட்டாயம் எதையும் விதிக்கவில்லை. இரண்டில் எது எழுந்தாலும் இந்தியப் பள்ளிவாசல்களின் நீண்ட வரிசையில் அதற்கு இடம் உண்டு.

வரைபடம் மாறும்போது அழிபடக் கூடாத பகுதி ஒன்று இருக்கிறது. மினார்களின் எண்ணிக்கை ஐந்தானாலும், தொழுவோர் எண்ணிக்கை இரண்டாயிரத்திலிருந்து பல ஆயிரமானாலும், மருத்துவமனைக்கும் உணவுக்கூடத்துக்கும் ஒதுக்கிய இடம் சுருங்கிவிடக் கூடாது. பிரசவ வலியோடு வரும் ஒரு பெண்ணை மாவட்டத் தலைநகருக்கோ லக்னௌவுக்கோ ஏற்றி அனுப்ப வேண்டிய நிலையில் உள்ள கிராமங்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. அவர்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. கூரையின் வடிவம் பற்றிக் கேட்டால் அவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்லக்கூடும். மருத்துவமனை வேண்டுமா என்று கேட்டால் இரு கருத்து இருக்காது.

அதற்கு முதலில் தேவைப்படுவது புதிய வரைபடமல்ல. 12 மீட்டர் அகலத்தில் ஒரு சாலை. நிலத்தை ஒதுக்கிய அரசு, அந்த நிலத்துக்குச் செல்லும் வழியையும் அகலப்படுத்தித் தருவதே தீர்ப்பின் நோக்கத்தை முழுமையாக்கும்.